சூழல் மறுக்கும் விடை: தொடக்க உயர்நிலை மாணவரின் கணிதப் பகுத்தறிதலைச் சோதிக்கும் அன்றாட வாழ்க்கைக் கணக்குகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்ட எண்கணித, வடிவியல் வினாக்கள் மாணவரின் கணிதப் பகுத்தறிதலை அளக்கும் என்ற நம்பிக்கை பாடநூல் ஆக்கத்திலும் பன்னாட்டுத் தேர்வுகளிலும் வேரூன்றியுள்ளது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளையொட்டிய நிலையில் இவ்வகை வினாக்கள் உண்மையில் எதனை அளக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரேசில், பெல்ஜியம் ஆகிய நாடுகளில் ஆராயப்பட்ட வினாக்களும் தமிழ்ச் சூழலில் வழங்கும் கர்ண விதி ஒன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வாழ்க்கைச் சூழல் ஒரு வினாவில் இடம்பெறுவதாலேயே அவ்வினா பகுத்தறிதலை அளப்பதாகாது; கணக்கிட்டுப் பெற்ற விடையை மறுக்கவோ திருத்தவோ அச்சூழலுக்கு ஆற்றல் இருக்கவேண்டும்; அம்மறுப்பை எடுத்துரைக்க மாணவருக்கு விடைத்தாளில் இடமும் மதிப்பெண்ணும் இருக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கணிதப் பகுத்தறிதல், வாக்கியக் கணக்கு, மதிப்பீடு, வடிவியல், கர்ண விதி, கணக்கதிகாரம்.

முன்னுரை

வட்டி, தள்ளுபடி, ஆளும் நாளும், வேலி அடைத்தல், தரைக்கு ஓடு பதித்தல் என வாழ்க்கையைச் சார்ந்த கணக்குகள் இடம்பெறாத பள்ளிக் கணிதப் பாடநூலைக் காண்பது அரிது. 1995 முதல் நடத்தப்பட்டுவரும் டிம்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வு, எட்டாம் வகுப்பு மாணவரின் கணிதத் திறனை அறிதல், பயன்படுத்தல், பகுத்தறிதல் என மூன்றாகப் பகுத்து அளக்கிறது. 15 வயது மாணவருக்காக 2000 முதல் நடத்தப்படும் பிசா தேர்வு, தன் வினாக்களைத் தனிவாழ்வு, தொழில், சமுதாயம், அறிவியல் ஆகிய சூழல்களில் அமைக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான அதன் வரைவு கணிதப் பகுத்தறிதலை மையத்தில் வைத்தது. இந்தியாவின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்றது.

நோக்கத்தில் இவை யாவும் ஒன்றுபடுகின்றன. ஆயினும் அந்நோக்கம் ஒரு வினாவாக வடிவம் பெறும்போது என்ன நேர்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது. வினாவில் பேருந்தோ வயலோ வந்துவிட்டால் அது வாழ்க்கைக் கணக்கு என்றும், வாழ்க்கைக் கணக்கு ஆனதால் அது சிந்தனையை அளக்கிறது என்றும் கொள்ளும் எளிய முடிவு ஆய்வுக்கு நிற்கவில்லை. ஒரு மாணவரைக் கணக்கு வராதவர் என முத்திரையிடுவதும் முத்திரையிடாது விடுவதும் பல வேளைகளில் இத்தகைய சில வினாக்களைப் பொறுத்தே அமைவதால், இது வினா வடிவம் பற்றிய நுட்பச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

1. பேருந்து வினா: சூழலை மறந்தவர் இழந்தது

அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டின் மூன்றாம் கணிதச் சுற்றில் 13 வயது மாணவரிடம் கேட்கப்பட்ட வினா ஒன்று ஆய்வுலகில் நன்கறியப்பட்டது. ஒரு படைப் பேருந்தில் 36 வீரர்கள் செல்லலாம். 1128 வீரர்களைப் பயிற்சியிடத்துக்குக் கொண்டுசெல்ல எத்தனைப் பேருந்துகள் வேண்டும் என்பதே அவ்வினா. வகுத்தால் ஈவு 31, மீதி 12. எஞ்சிய பன்னிருவரையும் ஏற்றிச்செல்ல வேண்டியிருப்பதால் விடை 32.

தாமஸ் கார்பென்டரும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, ஏறத்தாழ 70 விழுக்காட்டு மாணவர் வகுத்தலைச் சரியாகவே செய்தனர். அவர்களுள் 32 என்ற விடைக்கு வந்தவர் மொத்தத்தில் 23 விழுக்காட்டினர். 29 விழுக்காட்டினர் '31, மீதி 12' என்றும், 18 விழுக்காட்டினர் 31 என்றும் விடையளித்தனர். வகுக்கத் தெரிந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர், கிடைத்த எண்ணை மீண்டும் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுசெல்லவில்லை.

இங்கே சூழல் வெறும் அணிகலனன்று. 31 என்ற விடையை அது மறுக்கிறது. அவ்வகையில் இது நல்ல வினா. எனினும் '31, மீதி 12' என எழுதிய மாணவர் சிந்திக்கவே இல்லை என்பதும் விரைந்த முடிவாகும். வகுத்தல் கணக்கின் விடையை ஈவு, மீதி என்று எழுதவேண்டும் எனப் பல ஆண்டுகள் பயிற்றப்பட்ட மாணவர், தமக்குக் கற்பிக்கப்பட்ட வழக்கத்துக்கு இசையவே நடந்தார். அவருடைய விடை, வகுப்பறை எதனைக் கற்பித்தது என்பதற்கும் சான்றாகிறது.

2. மின்தூக்கி வினா: சூழலை நினைத்தவர் இழந்தது

இதற்கு நேர்மாறான சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. 1990களில் அந்நாட்டுத் தேசியத் தேர்வுகளில் இடம்பெற்ற வினாக்களைப் பாரி கூப்பர் ஆராய்ந்தார். பின்னர் மைரேட் டன்னுடன் இணைந்து அவ்வாய்வை விரித்து 2000இல் நூலாக்கினார். அவர் எடுத்துக்காட்டிய வினாக்களுள் ஒன்று: ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்தூக்கியில் 14 பேர் வரை செல்லலாம், காலை நெரிசலில் 269 பேர் மேலே செல்ல விரும்புகின்றனர், அது எத்தனை முறை மேலே செல்லவேண்டும்? 269ஐ 14ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 3. எதிர்பார்க்கப்பட்ட விடை 20.

மின்தூக்கியை உண்மையில் பயன்படுத்துபவர் வேறு வகையில் எண்ணக்கூடும். ஒவ்வொரு முறையும் சரியாகப் பதினால்வர் ஏறுவதில்லை. சிலர் காத்திருக்காமல் படியேறுவர். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் ஏறுவோர் தொகை குறையும். இவ்வாறு எண்ணி வேறு விடை எழுதுபவர் மதிப்பெண் இழப்பார். பேருந்து வினாவைப் போலவே இங்கும் மீதியை முழு முறையாக உயர்த்தும் அளவுக்குச் சூழலை நினைக்கவேண்டும். அதற்கு மேல் நினைக்கக்கூடாது. எந்த அளவோடு நிறுத்துவது என்பதை வினா எங்கும் கூறவில்லை.

கூப்பர், டன் ஆகியோரின் ஆய்வு வெளிப்படுத்திய முதன்மையான செய்தி, இவ்வெல்லையை ஊகித்தறியும் திறன் எல்லா மாணவருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை என்பதாகும். உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பிள்ளைகள் இத்தகைய வினாக்களைத் தம் அன்றாட அனுபவத்தைக் கொண்டு அணுகும் போக்கு மிகுதியாகக் காணப்பட்டது. வாழ்க்கைச் சூழல் சாராத நேரடிக் கணக்குகளைவிட இவ்வினாக்களிலேயே அவர்கள் தம் திறனுக்குக் குறைவான மதிப்பெண் பெற்றனர். எளியோருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று சேர்க்கப்பட்ட சூழலே அவர்களுக்குத் தடையாயிற்று.

இரு வினாக்களையும் அருகருகே வைத்து நோக்கினால் சிக்கலின் வேர் புலப்படும். ஒன்றில் சூழலை மறந்தவர் தோற்றார். மற்றொன்றில் சூழலை மெய்யாக எடுத்துக்கொண்டவர் தோற்றார். இரண்டிலும் வென்றவர், தேர்வு என்னும் விளையாட்டின் எழுதப்படாத விதியை அறிந்தவர். அவ்விதியை அறிவதும் ஒரு திறனே. ஆனால் அதற்குக் கணிதப் பகுத்தறிதல் என்று பெயரிடுவது பொருந்தாது.

3. சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

அவ்வாறாயின் சூழலை அறவே நீக்கிவிடலாமே என்ற எண்ணம் எழலாம். பிரேசில் நாட்டு ரெசிஃபெ நகரில் டெரெசின்ஹா கராஹர், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் ஆகியோர் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்துக்கு மறுமொழியாகிறது. தெருவோரத்திலும் சந்தையிலும் பொருள் விற்ற, 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து சிறுவர் சிறுமியரிடம் ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளர்களாகவே சென்று விலை கேட்டனர். அவ்விடத்தில் எழுந்த 63 கணக்குகளில் 98.2 விழுக்காட்டுக்குச் சரியான விடை கிடைத்தது. பின்னர் அதே கணக்குகளை ஒட்டி அமைத்த எழுத்துத் தேர்வில், வாக்கியக் கணக்குகளில் 73.7 விழுக்காடும், வெறும் எண்களாகத் தரப்பட்ட கணக்குகளில் 36.8 விழுக்காடும் மட்டுமே சரியாயின.

12 வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒரு தேங்காய் 35 குருசேரோ எனில் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்கப்பட்டது. பத்தால் பெருக்கச் சுழியம் சேர்க்கும் பள்ளி வழியை அவன் நாடவில்லை. மூன்று தேங்காயின் விலை 105 என்பது அவனுக்கு முன்பே தெரியும். அதனை மும்முறை கூட்டி 315 ஆக்கி, எஞ்சிய ஒன்றின் விலையைச் சேர்த்து 350 என்றான். பத்தை மூன்று மூன்றாகப் பகுத்து ஒன்றை எஞ்சவிடும் இச்செயலில் பங்கீட்டுப் பண்பு முழுமையாக உள்ளது. அதற்குப் பெயர் மட்டுமே அவனிடம் இல்லை.

ஐவரை மட்டும் கொண்ட ஆய்விலிருந்து பொதுவிதி வகுக்க இயலாது. ஆயினும் இரண்டு செய்திகளை அது தெளிவாக்குகிறது. வெற்றெண் கணக்கைவிட வாக்கியக் கணக்கு இம்மாணவருக்குப் பெரிதும் துணைநின்றது. ஆகவே சூழலை நீக்குவது தீர்வாகாது. அதே வேளையில், தாளில் எழுதப்பட்ட சந்தை மெய்யான சந்தைக்கு ஈடாகவில்லை. மெய்ச் சந்தையில் தவறான விடைக்கு உடனே மறுப்பு வரும்: வாங்குபவர் முகம் சுளிப்பார், அல்லது கைப்பணம் குறையும். தாளில் அத்தகைய மறுப்பு ஏதுமில்லை.

4. வடிவியல்: நீளம் மும்மடங்கானால்

வடிவியலில் இம்மறுப்பின் இன்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிர்க் டி பாக், லீவன் வெர்ஷாஃபல் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற வினா: 200 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்துக்கு உரமிட ஓர் உழவருக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும்; 600 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பக்கம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும். விடை 72 மணி. 12, 13 வயது மாணவருள் மிகச் சிலரே இவ்விடைக்கு வந்தனர். பெரும்பாலோர் எல்லாவற்றையும் நேர்விகிதமாகக் கொண்டு 24 என்றனர். படம் வரைந்து பார்க்கச் சொன்னபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

சூழலை இன்னும் உயிர்ப்புள்ளதாக்கினால் என்ன நேரும் என்பதையும் அவர்கள் சோதித்தனர். 2003இல் வெளியான ஆய்வொன்றில், கலிவரின் பயணங்கள் கதையின் குள்ளர் நாட்டுக் காட்சிகளைத் திரையில் காட்டி, அவற்றையொட்டிப் பரப்பு, கன அளவு பற்றிய வினாக்களைக் கேட்டனர். தேர்ச்சி உயரவில்லை, மாறாகக் குறைந்தது. சுவையான கதை மாணவரின் கவனத்தை ஈர்த்தது; நேர்விகித எண்ணத்தை அசைக்கவில்லை.

அசைத்தது வேறொன்று. விம் வான் டோரன் முதலியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவரிடம் பொம்மை வீட்டின் தரையையும் அதில் பதிக்க மெய்யான ஓடுகளையும் கொடுத்து, எத்தனை ஓடுகள் தேவை எனக் கேட்டனர். நேர்விகிதத்தை வைத்துக் கணக்கிட்டு எடுத்த ஓடுகள் தரையை நிரப்பவில்லை. தரை அவர்களின் விடையை மறுத்தது. பலர் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டனர். எனினும் மீண்டும் எழுத்துத் தேர்வுக்கு வந்தபோது பழைய பிழையே திரும்பியது. பேருந்து வினாவில் கண்ட அதே உண்மை இங்கும் உறுதிப்படுகிறது: மாணவரிடம் சிந்தனை இல்லாமலில்லை, விடைத்தாள் அதனை அழைக்கவில்லை.

5. தமிழ்ச் சூழலில் ஒரு கர்ண விதி

வாழ்க்கையோடு கணக்கைப் பிணைப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகியவை மனப்பாடமாகப் பயிற்றப்பட்டன. காரிநாயனார் இயற்றியதாகக் கூறப்படும் கணக்கதிகாரம் பொன், நெல், நிலம் ஆகியவற்றின் அளவைகளைச் செய்யுளில் கூறுகிறது. அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்பது இம்மரபில் வழங்கும் விதி; அது எவ்வட்டத்துக்கும் பொருந்தும். பலாவின் காம்பருகேயுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பதும் அம்மரபினதே. அது வடிவியல் உண்மையன்று, பழத்தைப் பழத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டிய மதிப்பீடு. இவ்விரு விதிகளும் ஒரே வகைப்பட்டவை அல்ல என மாணவர் உணர்வதே பகுத்தறிதலின் தொடக்கம்.

இவ்வேறுபாட்டைச் சோதிக்கத் தக்க பொருள், தமிழர் கணிதப் பெருமைக்குச் சான்றாக மேடைகளிலும் இணையத்திலும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கர்ண விதியாகும். செங்கோண முக்கோணத்தின் நீண்ட தாங்கு பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைக் கழித்து, குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அவ்விதி. வர்க்கமூலம் தேவையில்லை என்பது அதன் சிறப்பாகப் போற்றப்படுகிறது.

4, 3 எனும் பக்கங்களுக்கு விதி 5 தருகிறது. 12, 5 எனும் பக்கங்களுக்கு 13 தருகிறது. இரண்டும் சரி. பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் இத்துடன் நின்றுவிடுகின்றன. 15, 8 எனும் பக்கங்களுக்கு விதி 17⅛ தருகிறது. சரியான விடை 17. 24, 7 எனும் பக்கங்களுக்கு 24½ தருகிறது. சரியான விடை 25. விதி தரும் கோவையின் வர்க்கத்தை இரு பக்கங்களின் வர்க்கக் கூடுதலுக்குச் சமப்படுத்தினால், நீண்ட பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் உள்ள விகிதம் 4:3 ஆகவோ 12:5 ஆகவோ இருக்கும்போது மட்டுமே சமன்பாடு நிறைவேறும் எனக் காணலாம். எடுத்துக்காட்டுகளாக வழங்கிவந்த இரண்டுமே விதி முற்றிலும் பொருந்தும் இரண்டே வடிவங்கள். அவ்விகிதங்களுக்கு இடையில் விதி சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ தருகிறது என்பதை ஆராய்ந்தால், இடையில் கூடுதலும் இருபுறமும் குறைவும் வருதல் தெரியும்.

இதனைப் பெருமை பேசவோ இகழவோ பயன்படுத்தாமல் ஒரு வினாவாக்கலாம். விதியைக் கொடுத்து, நான்கு முக்கோணங்களுக்குச் சரிபார்க்கச் செய்யலாம். பின்னர்க் கேட்கலாம்: 15 அடி, 8 அடி கொண்ட சட்டத்துக்கு இவ்விதிப்படி குறுக்குச் சட்டம் அறுக்கும் தச்சருக்கு என்ன நேரும்? 24 அடி, 7 அடி எனில் என்ன நேரும்? முன்னதில் மரம் ஒன்றரை அங்குலம் மிகும், செதுக்கிக் கொள்ளலாம். பின்னதில் அரை அடி குறையும். அறுத்த மரம் வீணாகும். இரு பிழைகளின் அளவை மட்டுமன்றித் திசையையும் மாணவர் எண்ணவேண்டியுள்ளது. எட்டாம் வகுப்பு மாணவர் பின்னக் கணக்கையும் பிதாகரஸ் தேற்றத்தையும் கொண்டே இதற்கு விடை காணலாம். விதி எங்கே நம்பத்தக்கது, எங்கே அன்று என்பதைக் காரணத்தோடு கூறுவதே இங்கு மதிப்பெண்ணுக்குரியது. இவ்வினாவில் தச்சுப் பட்டறை அலங்காரமாக வரவில்லை. விடையின் பொருளை அதுவே முடிவு செய்கிறது.

6. பெயர் மாற்றம் தீர்வாகுமா

2009ஆம் ஆண்டுப் பிசா சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவில் கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நாடுகளின் சராசரி 496. வினாக்களின் சூழல் இந்திய மாணவருக்கு அந்நியமானது என்ற விளக்கம் அப்போது முன்வைக்கப்பட்டது.

அவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337 ஆக இருந்தமை கருதத்தக்கது. நீண்ட பத்தியாக அமையும் கணக்கில் தவறும் மாணவர், கணிதத்தில் தவறினாரா வாசிப்பில் தவறினாரா என்பதை விடை மட்டும் காட்டாது. ஆனால் அவ்விளக்கம் எளிய தீர்வொன்றுக்கும் வழிவிடுகிறது: வெளிநாட்டுப் பெயர்களை நீக்கி முருகனையும் கயல்விழியையும் வைத்தல், ரொட்டிக்குப் பதில் இட்லி வைத்தல். இம்மாற்றத்தால் வினா மண்ணுக்கு உரியதாகிவிடாது. '31, மீதி 12' என்ற விடை படைப் பேருந்தை அரசுப் பேருந்தாக மாற்றினாலும் வரும். மாற்றவேண்டியது விடைக்கும் சூழலுக்கும் உள்ள உறவு.

7. மதிப்பிடுவதற்குரிய நெறிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து வினா ஆக்குவோர் கைக்கொள்ளத்தக்க மூன்று நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நீக்கிப் பார்த்தல். சூழலை நீக்கி எண்களை மட்டும் கொடுத்தாலும் விடை மாறாது எனில், அச்சூழல் ஆடை மட்டுமே. அத்தகைய வினா கணக்கிடும் திறனை அளக்கட்டும். அதனைப் பகுத்தறிதல் வினா என வகைப்படுத்தலாகாது.

இரண்டாவது, எல்லையை வெளிப்படுத்தல். சூழலின் எப்பகுதியைக் கருதவேண்டும் என்பதை வினா கூறவேண்டும். அல்லது மாணவரே தம் எடுகோளை எழுத இடம்தரவேண்டும். மின்தூக்கி ஒவ்வொரு முறையும் நிறைந்தே செல்வதாகக் கொள்க என்ற ஒரு தொடர் போதும். அல்லது, 20 என்ற விடை எந்நிலையில் பொருந்தாது என்று கேட்கலாம்.

மூன்றாவது, காரணத்துக்கு மதிப்பெண். பேருந்து வினாவை 31, 32, 12 என மூன்று விடைகளையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எக்கேள்விக்குச் சரியான விடையாகும் என்று கேட்டால் வினாவின் இயல்பே மாறிவிடும். 31 என்பது நிறைந்து செல்லும் பேருந்துகளின் தொகை. 32 என்பது தேவைப்படும் பேருந்துகளின் தொகை. 12 என்பது கடைசிப் பேருந்தில் செல்வோரின் தொகை. வகுத்தல் ஒன்றே, பொருள் மூன்று.

காரணம் எழுதும் விடைகளைப் பெருந்தொகையில் திருத்துவது கடினம், திருத்துவோருக்கிடையே வேறுபாடு மிகும் என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. பொதுத்தேர்வில் அச்சுமை மெய்யானது. ஆனால் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் தேர்வுகளைப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே திருத்துகின்றனர். சீர்திருத்தம் தொடங்குவதற்கு உரிய இடம் அது. ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலை வினாவுடன் சேர்த்தே தயாரிப்பதும், மேற்கண்ட பேருந்து வினாவைப் போல ஒரு வரியில் விடை தரத்தக்க வடிவங்களைத் தேர்வதும் வேறுபாட்டைக் குறைக்கும். ஒரு தாளில் இத்தகைய வினா ஒன்றிரண்டு இருந்தாலும் வகுப்பறைப் பயிற்சியின் திசை மாறத் தொடங்கும். தேர்வில் கேட்கப்படுவதே கற்பிக்கப்படும் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்தது.

முடிவுரை

அன்றாட வாழ்க்கைக் கணக்குகள் மாணவரின் கணிதப் பகுத்தறிதலை அளக்க வல்லவை. ஆனால் தாமாகவே அளப்பவை அல்ல. பேருந்து வினா, மின்தூக்கி வினா, ரெசிஃபெ சந்தை, உழவர் நிலம், பொம்மை வீட்டுத் தரை, தச்சரின் குறுக்குச் சட்டம் ஆகியவற்றை ஒருசேர நோக்கினால், பொருள்களோ மனிதர்களோ தவறான விடையை மறுக்கும் இடங்களில் மாணவர் சிந்தித்துத் திருத்திக்கொள்வதும், மறுப்பில்லாத தாளில் பழகிய வழியிலேயே செல்வதும் புலனாகின்றன. சூழலைப் பெயரளவில் சேர்த்துவிட்டு அதனை மெய்யாகக் கருதியவரைத் தண்டிக்கும் வினா, அறியாமையைக் காட்டிலும் அறத்துக்கு மாறான ஒன்றைச் செய்கிறது: தன் வாழ்க்கை அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவந்த மாணவரிடம் அது இங்கே செல்லாது என்று கூறுகிறது. அவ்வறிவைக் கேட்டுப் பெற்று, காரணத்தோடு சோதித்து, அதற்கு மதிப்பெண் தரும் வினாவே பகுத்தறிதலைச் சோதிக்கும் வினா எனக் கொள்ளத்தக்கது.